கரண்டுக் கம்பளியும் கால் கிலோ மிளகாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த சுபாவம் உள்ளவன் இல்லை. சிங்காநல்லூரில் பஞ்சு வேஸ்ட் வியாபாரம் செய்கிறவன். மில்காரன், லாரிக்காரன், தராசுக்காரன் என்று காலை எட்டு மணியிலிருந்து எவனிடமாவது கத்திக்கொண்டிருப்பதுதான் என் தொழில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மிச்சத்தை உதை வாங்கியே படித்தேன். ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷத்து மார்கழியில் பன்னிரண்டு நாள் நான் பயந்த பயம் இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக் கூடாது. எதிரிக்கு வந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு இன்னொரு தடவை வரக் கூடாது.

எல்லாம் ஒரு நல்ல தீர்மானத்தில் ஆரம்பித்தது. அந்த மார்கழியில் பொழுது சாய்ந்ததும் குளத்துப் பக்கமிருந்து ஊசி போட்டது மாதிரி ஒரு காற்று வரும். என் மகன் மதன்குமாருக்கு அப்போது ஐந்து வயசு, மகள் லோகப்பிரியாவுக்கு மூன்று. இரண்டு பேருக்கும் மூக்கு நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சின்ன வயசில் பஞ்சுச் சாக்கைப் போர்த்திப் படுத்தவன். என் பிள்ளைகள் ஒரு நாள்கூடக் குளிரில் நடுங்கக் கூடாது என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தது தப்பில்லை. என் மனைவி சாந்தாமணியின் காதில் விழும்படி எடுத்ததுதான் தப்பு.

அந்த வாரம் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, மெஷின் துடைக்கிற வேஸ்ட் கொண்டுபோயிருந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் கரீம் என்று ஒருவர், காலி செய்கிற பங்களாக்களிலிருந்து பழைய சாமான் எடுத்து விற்கிறவர். அவர் கடை வாசலில் ஒரு கம்பளி தொங்கியது. அதன் மூலையிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது.

"என்ன பாய், கம்பளிக்கு வால் முளைச்சிருக்கு?"

"கரண்டுக் கம்பளிங்க. சுவிட்சைப் போட்டா சூடாகும். பங்களாச் சாமான்."

தொட்டுப் பார்த்தேன். துணியைத் தொட்டால் அதன் பரம்பரையைச் சொல்கிற கை இது. அசல் சரக்கு. கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை பில் வரும் என்பது மட்டும்.

அரை மணி நேரம் பேரம். நான் கத்தினேன், போகிறேன் என்றேன், போனேன், திரும்பி வந்தேன். கரீம் அசையவில்லை. கடைசியில் என் தொழிலின் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். சாமானைப் பிரிப்பது. கம்பளியோடு சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா இருந்தது. நடுவில் திருகுகிற குமிழ்.

"இந்த டப்பா எனக்கு வேண்டாம். அதைக் கழிச்சுட்டுக் கம்பளிக்கு மட்டும் சொல்லு."

கரீம் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "டப்பா இல்லாம அதைப் போடவே கூடாதுங்க. சூடு மிஞ்சாமப் பார்த்துக்கறதே அதுதான். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்குங்களா?"

"ரெண்டு."

"அப்ப செட்டாக்கூட வேண்டாங்க. சாதாக் கம்பளி தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

ஒரு வியாபாரி 'வேண்டாம்' என்றால் விலையை ஏற்றப்போகிறான் என்று அர்த்தம். இது இருபது வருஷத்து அனுபவம். "எம் பிள்ளைகளைப் பத்தி நீ என்னய்யா பேசறது? டப்பாவை உன் தலைமாட்டுல வெச்சுக்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. டப்பா போனது, விலை பாதியானது. ஜெயித்துவிட்டேன் என்று மலை இறங்கினேன். டப்பாவைப் பிரித்ததில் அறுந்து கிடந்த வால் நுனியில் ஒரு பிளக்கை நானே முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றினேன். பஞ்சு மூட்டை கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு கட்டா?

வீட்டில் சாந்தாமணி கம்பளியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, இது கூட வேற ஒண்ணும் வரலீங்களா?"

"கம்பளி கூட வேற என்ன வரும்? கரடியா வரும்?"

"இல்லீங்க, கரண்டுச் சாமானாச்சே. கூட்டறது கொறைக்கறது எதாச்சும்..."

"சுவிட்சைப் போட்டாக் கூட்டறது. அமுத்துனாக் கொறைக்கறது. போதுமா?"

"நம்ம லோகு இன்னும் ராத்திரியானாப் பாயை நனைக்கறவளுங்க. கரண்டும் ஈரமும் ஒண்ணாச் சேரலாமுங்களா?"

"அதுக்குத்தான் நான் இருக்கறனல்ல?"

"நீங்க இருக்கறதுதானுங்க எனக்குப் பயமே" என்றாள். ஆனாலும் சண்டைக்கு வரவில்லை. குழந்தைகள் அதில் படுக்கக் கூடாது, வேண்டுமென்றால் நான் படுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டாள்.

அன்று ஏழு மணிக்கே படுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் சொர்க்கம். பத்தாவது நிமிஷம் முதுகில் தோசை வார்க்கலாம் போலிருந்தது. காலடியில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். வண்டு வந்துவிட்டதென்று பார்த்தால் கம்பளிதான் முனகுகிறது. நான் அசையவில்லை. அசைந்தால் அதற்குக் கோபம் வருமோ என்று ஒரு பயம். வாசலில் சாந்தாமணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க இருக்குது?"

"சுகமா இருக்குது."

"வேர்க்குதுங்களே?"

"சுகத்துல வேர்க்குது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. சாந்தாமணி பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மதன் தெருவில் பம்பரம். நான் கட்டிலில் கம்பளியை விரித்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, கட்டில் சூடாகட்டும் என்று டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். படத்தில் சண்டைக் காட்சி வந்தது. சண்டை என்றால் நான் உலகத்தை மறந்துவிடுவேன்.

மூக்குதான் முதலில் எழுந்தது. தீய்ந்த வாடை. பஞ்சு வியாபாரிக்கு அந்த வாடை தூக்கத்திலும் தெரியும். எங்கள் கிடங்கில் பீடி பற்றவைத்தவனை நான் துரத்தித் துரத்தி அடித்ததே அந்த வாடைக்குப் பயந்துதான். எழுந்து அறைக்கு ஓடினேன்.

கட்டிலில் கம்பளி விரித்தபடி இல்லை. நாலாக மடிந்து கிடந்தது. அதன் மேல் இரண்டு தலையணை, அதற்கு மேல் என் குளிர்காலச் சட்டை. நடுவில் சின்னதாக ஒரு மேடு. மடிப்பின் ஓரத்திலிருந்து ஒரு பிஞ்சுக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பளியிலிருந்து மெல்லிசாகப் புகை.

கத்தவேண்டியவன் நான். ஊரெல்லாம் கத்துகிறவன். எனக்குக் குரலே வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். டேப் சுற்றிய இடம் கையைச் சுட்டது. கம்பளியை உருவி எறிந்தேன்.

பொம்மை. லோகுவின் பிளாஸ்டிக் பொம்மை. ஒரு கன்னம் உருகித் தட்டையாகியிருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. இன்னொரு கண் என்னையே பார்த்தது.

"லோகூ!"

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். அரிசிப் பானைக்குள் பார்த்தேன். அரிசிப் பானைக்குள் ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அந்த அரை நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும், தெரியாத நாலைந்து சாமியையும் கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து லோகு வந்தாள். பக்கத்து வீடு எலக்ட்ரீஷியன் ரசாக்குடையது. அவர் மனைவி இஸ்மத் கொடுத்த சேமியா வாயெல்லாம் ஒட்டியிருந்தது. உருகின பொம்மையை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, பாப்பாவுக்குக் குளுருதுன்னு போத்தி உட்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சலா?"

நான் அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கூச்சலில் சாந்தாமணி ஓடி வந்தாள். ரசாக்கும் இஸ்மத்தும் வந்தார்கள். ரசாக் கம்பளியைப் புரட்டினார். நடுவில் தோசைக்கல் அளவுக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது.

"ஏனுங்ணா, இதோட கண்ட்ரோல் டப்பா எங்கீங்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். லோகுவும் பார்த்தாள். பொம்மையின் ஒற்றைக் கண்ணும் பார்த்தது. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் வியாபாரி.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்! டப்பான்னு ஒண்ணு இருக்கறதையே சொல்லலை, படுபாவி!"

ரசாக் தலையில் அடித்துக்கொண்டார். "டப்பா இருந்தாலே இது சின்னக் கொழந்தைகளுக்கு ஆகாதுங்ணா. பெரியவங்க சுட்டாத் தள்ளிப் படுப்போம். அதுகளுக்குத் தூக்கத்துல தள்ளிப் படுக்கவும் தெரியாது, சுடுதுன்னு சொல்லவும் தெரியாது. நாம போட்டாலும் படுக்கை சூடானதும் பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் படுக்கோணும். போட்டுட்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. மடிக்கக் கூடாது. மேல தலகாணி அடுக்கக் கூடாது. ஒட்டுப்போட்ட ஒயரு கூடவே கூடாது."

ஒவ்வொரு 'கூடாது'வையும் விரல் விட்டு எண்ணினேன். ஒன்று பாக்கியில்லாமல் என் வீட்டில் நடந்திருந்தது. ஈரம் ஒன்றுதான் மிச்சம். லோகு மனசு வைத்திருந்தால் அதுவும் நடந்திருக்கும். ரசாக் கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை அடியோடு நறுக்கிவிட்டுப் போனார். கம்பளியின் வாலோடு என் வாலும் அறுந்தது.

சாந்தாமணி கத்தினால் நானும் கத்துவேன், பத்து நிமிஷத்தில் காப்பி வரும். அதுதான் எங்கள் வீட்டு நடைமுறை. அன்று அவள் கத்தவில்லை. காப்பியும் வரவில்லை. லோகுவை மடியில் போட்டுக்கொண்டு, அவள் கன்னத்தைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் இட்லியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஆளு பேரென்னங்க?"

"எந்த ஆளு?"

"டப்பாவைத் தராம ஏமாத்துனவரு."

"பேரெல்லாம் யாரு கேட்டா? போச்சாது, உடு."

"போச்சாதுன்னு உடறதுக்கு இதென்னங்க, அழுகுன தக்காளியா? எம்புள்ளை உசுருங்க. ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப்போட்டு வாரனுங்க."

வாய்க்குப் போன இட்லியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆனைமலையில் மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு நீதிக்கல் உண்டு. அநியாயம் நடந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து அந்தக் கல்லில் பூசி முறையிடுவார்கள். குற்றம் செய்தவனுக்கு உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்த பிறகு திரும்பப் போய் அம்மனைக் குளிர வைக்க வேண்டும். போலீசுக்குப் பயப்படாதவன், கோர்ட்டுக்குப் பயப்படாதவன் எல்லாம் மிளகாய் என்றதும் திருடின ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்து கட்டியிருக்கிறான்.

"பேரு தெரியாம எப்படி அரைப்பே? அதெல்லாம் செல்லாது."

"பேரு எதுக்குங்க? 'இந்த ஆபத்தை எங்கொழந்தைக கிட்டக் கொண்டாந்தவங்க'ன்னு சொன்னாப் போதும். அம்மனுக்கு அட்ரசு தெரியும்."

அட்ரஸ் என் ரேஷன் கார்டிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை எரியும். முதலில் உள்ளங்கால் எரிந்தது. புதுச் செருப்பு என்று நினைத்தேன். பிறகு வயிறு எரிந்தது. மோர் குடித்தேன். இளநீர் குடித்தேன். கடையில் கணக்குப்பிள்ளை குமாரசாமி மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தார். மிளகாய்ப் பொடி வாசம் வந்ததும் எழுந்து தெருவுக்கு ஓடினேன். "முதலாளிக்கு என்னங்க?" என்றார். "ஒண்ணுமில்லை, லாரி வருதான்னு பார்த்தேன்" என்றேன். அன்றைக்கு லாரியே கிடையாது. மில்காரன் வந்து சொன்ன விலைக்குச் சரி என்றேன். அவன் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

வீட்டிலும் தடுத்துப் பார்த்தேன்.

"மார்கழி மாசத்துல மொளகா அரைக்கறது ஆகாதும்பாங்க, சாந்தா."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"பெரியவங்க."

"எந்தப் பெரியவங்க?"

"படுத்திருக்கற சாமியைத் தொந்தரவு பண்ணலாமா?"

"புள்ளையோட படுக்கையில நெருப்பை வெச்சவங்களைக் கேக்கத்தானுங்க அம்மனே படுத்திருக்கறா."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை குழந்தைகளை இஸ்மத்திடம் விட்டுவிட்டு, "நீங்களும் வாங்க, ஆபத்து வந்தது நம்ம ரெண்டு பேரு கொழந்தைக்கில்லீங்களா?" என்று என்னையும் கிளப்பினாள். வராவிட்டால் சந்தேகம் வரும். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். ஒரு கனமான மஞ்சள் பையை என் மடியில் வைத்தாள்.

"ஆட்டாதீங்க. பத்தரம்."

பை முழங்காலைத் தொட்ட இடம் எரிந்தது. கிணத்துக்கடவு வருவதற்குள் கண் எரிந்தது, மூக்கு எரிந்தது. கண்டக்டர் "முன்னால தள்ளி உக்காருங்" என்றார். "என்னய்யா தள்றது? நானே எரிஞ்சுக்கிட்டிருக்கேன்!" என்று பாய்ந்தேன். பஸ் முழுக்கத் திரும்பியது.

"சாந்தா, இதுல எவ்வளவு இருக்கும்?" என்று பையைக் காட்டினேன்.

"மொளகாய்னா ஒரு கால் கிலோ வேணுமுங்க, இந்தக் குத்தத்துக்கு."

"கால் கிலோவா! ஒரு பிடி போதாதா? அம்பது கிராம்?"

"குத்தத்துலயுமாங்க பேரம்?"

பொள்ளாச்சியில் பஸ் மாறினோம். ஆனைமலை நெருங்க நெருங்க என் கையில் பை கனத்தது. எனக்கு என்னைப் பற்றிக்கூடப் பயமில்லை. நான் படுத்துவிட்டால் மதனுக்கும் லோகுவுக்கும் யார்? டப்பாவை விட்டதும் நான்தான், இப்போது அவர்களை அப்பா இல்லாமல் விடப்போவதும் நான்தான். பஸ் நின்றது. இறங்கினேன். கோபுரம் தெரிந்தது.

"நில்லு, சாந்தா! அரைக்காதே!"

நடுரோட்டில் கத்தினேன். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, மன்னிப்புக் கேட்பதாக இருந்தாலும்.

"அந்தக் கடைக்காரன் ஏமாத்தலை. கரீம்னு பேரு. நல்ல மனுஷன். டப்பாவை நான்தான் வேண்டாம்னேன். வெலை கொறையட்டும்னு! சின்னப் பிள்ளைங்க இருந்தா வாங்காதீங்கன்னு அவரு வாயால சொன்னாரு. நான் அவரைத் திட்டிட்டு வந்தேன். போதுமா? நான்தான்! எம் பிள்ளை படுக்கையில நெருப்பு வெச்சது நான்தான்!"

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தாமணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் என்று ஒரு துளி இல்லை.

"தெரியுமுங்க."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"சொல்லோணுமுங்களா? ஒம்போது வருசமா உங்க கூடக் குடும்பம் பண்றேன். ரெகுலேட்டர் இல்லாத பேனு. விசில் இல்லாத குக்கரு. ஒத்தைப் பெடலோட சைக்கிளு. எந்தச் சாமானை நீங்க முழுசா வாங்கிட்டு வந்திருக்கீங்க? டப்பாவை அவரு தரலைன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. கொழந்தை விசயத்துல உங்க வாயால வந்தாத்தான் இனிமே நடக்காதுன்னு இருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. தப்பித்தோம், மிளகாய் அரைக்கும் முன்னே சொல்லிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டபோது, ரோட்டோரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த ஒரு அம்மா கூப்பிட்டாள்.

"வாங்க அம்மணி, அரைக்கறதுக்கு நல்ல மொளகா இருக்குதுங்க. எடுத்துத் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க்கா. உடுமலைப்பேட்டையில ஒரு விசேசம்னு இவருகிட்டச் சொல்லிப்போட்டுப் போன செவ்வாக்கெழமையே வந்து அரைச்சுட்டுப் போயிட்டனுங்க. இப்பத்தான் பலிச்சுது."

மஞ்சள் பையைத் திறந்து பார்த்தேன். பால், சந்தனம், மஞ்சள். மிளகாய் ஒன்றுகூட இல்லை.

சாந்தாமணி அந்தக் கடைக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அம்மனைக் குளுர வெக்கத்தான் வந்தோம். ரெண்டு எளநி மட்டும் குடுங்க. காசு இவரு தருவாரு. இனிமே பேரம் பேச மாட்டாரு."